ரிலேட்டிவ் புரோநவுன் பிசகும் இடங்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கோத்தகிரியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் ஆங்கிலத் தாள்களைத் திருத்தும்போது என் சிவப்புப் பேனா அதிகமாக நிற்கும் இடம், ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'ஹூ', 'விச்', 'தட்', 'ஹூஸ்', 'வேர்' ஆகியவற்றில் ஒன்று வந்து உட்காரும் இடம்தான். 'ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்களே விடுப்பு விண்ணப்பத்திலும் வேலைக்கான கடிதத்திலும் அங்கே இடறுகிறார்கள். தமிழில் சரியாக எண்ணிய ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வழியில் ஏதோ ஒன்று விடுபட்டுவிடுகிறது. ஆகவே விதியிலிருந்து தொடங்காமல், பிழை தாளில் எப்படித் தோற்றம் தருகிறதோ அங்கிருந்து தொடங்கி, அதன் காரணத்தைக் கண்டு, பிறகு திருத்தத்துக்கு வரும் வழியை இங்கே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அவற்றை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வந்தால் பயன் கூடும்.

எல்லாப் பிழைகளுக்கும் அடியில் இருக்கும் காரணம்

ஆங்கிலத்தில் ரிலேட்டிவ் புரோநவுன், அதாவது 'ஹூ', 'விச்' போன்ற இணைப்புச் சொல், செய்யும் வேலையைத் தமிழில் பெயரெச்சம் செய்கிறது. 'பறித்த' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பறித்த பெண், பறித்த கத்தரிக்கோல், பறித்த தோட்டம், பறித்த நாள், பறித்த தேயிலைக் கொழுந்து என்று எந்தப் பெயரையும் அதன் பின்னால் வைக்கலாம். 'அன்று அவள் பறித்த பறிப்பு' என்று அந்தச் செயலையே கூட வைக்கலாம். செய்பவர், கருவி, இடம், செயல், காலம், செயப்படுபொருள் என்ற இந்த ஆறு வகைப் பெயர்களையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் எண்ணிச் சொல்லியிருக்கிறார். ஆறுக்கும் வடிவம் ஒன்றுதான். கத்தரியால் பறித்தாள், தோட்டத்தில் பறித்தாள், கொழுந்தைப் பறித்தாள் என்று தனி வாக்கியத்தில் வெளிப்படையாக நிற்கும் ஆல், இல், ஐ ஆகிய உருபுகள் எல்லாம் பெயரெச்சத்துக்குள் மறைந்துவிடுகின்றன. கத்தரி பறிக்காது, கத்தரியால்தான் பறிப்பார்கள் என்பது கேட்பவருக்குத் தெரியும் என்பதால் தமிழ் அதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

ஆங்கிலம் அப்படி விடாது. 'தி வுமன் ஹூ ப்ளக்ட் தி லீவ்ஸ்', 'தி ஷியர்ஸ் வித் விச் ஷி ப்ளக்ட் தெம்', 'தி கார்டன் வேர் ஷி ப்ளக்ட் தெம்', 'தி டே வென் ஷி ப்ளக்ட் தெம்', 'தி லீவ்ஸ் தட் ஷி ப்ளக்ட்' என்று ஒவ்வோர் உறவுக்கும் ஒவ்வொரு சொல்லைக் கேட்கும். தமிழில் மறைந்த உருபை மீட்டெடுத்து ஆங்கிலத்தில் உரிய இடத்தில் வைப்பதுதான் நம் வேலை.

அதற்கு ஒரே ஒரு சோதனை போதும். கீழே எந்த அறிகுறிக்கும் இதையே பயன்படுத்தப் போகிறோம் என்பதால் இதை முதலில் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். எழுத நினைக்கும் வாக்கியத்தை இரண்டு ஆங்கில வாக்கியங்களாகப் பிரியுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் அந்தப் பெயர் மறுபடியும் வரும் இடத்தில் ஒரு சிறு சொல் நிற்கும். அதன் கீழ்க் கோடிடுங்கள். அது 'ஹி', 'ஷி', 'தே' என்று ஆளைக் குறித்தால் 'ஹூ'. 'ஹிம்', 'ஹெர்', 'தெம்' என்று ஆளைக் குறித்தால் 'ஹூம்'. 'ஹிஸ்', 'இட்ஸ்', 'தேர்' என்று உடைமையைக் குறித்தால் 'ஹூஸ்'. வெறும் 'இட்' என்றோ, பொருள்களைக் குறிக்கும் 'தே', 'தெம்' என்றோ இருந்தால் 'விச்' அல்லது 'தட்'. 'இன் இட்', 'வித் இட்', 'ஃபார் இட்' என்றால் அந்த 'இன்', 'வித்', 'ஃபார்' ஆகியவற்றோடு சேர்ந்த 'விச்'. 'அங்கே' என்ற பொருளில் 'தேர்' நின்றால் 'வேர்'. கோடிட்ட சொல்லை எடுத்துவிட்டு, அதற்குரிய இணைப்புச் சொல்லை இரண்டாம் வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவந்து, அந்தப் பெயருக்கு உடனடியாகப் பின்னால் ஒட்டுங்கள்.

அறிகுறி: வாக்கியத்தின் வாலில் 'இட்', 'ஹிம்', 'தெம்' மிச்சமாக நிற்கிறது

'திஸ் இஸ் தி அம்ப்ரெல்லா விச் ஐ பாட் இட் இன் குன்னூர்' என்று எழுதியிருந்தால், சோதனையின் கடைசிப் படியை மறந்துவிட்டீர்கள் என்று பொருள். 'ஐ பாட் இட் இன் குன்னூர்' என்பதில் இருந்த 'இட்'தான் 'விச்' ஆக மாறி முன்னால் வந்துவிட்டது. ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார முடியாது. 'திஸ் இஸ் தி அம்ப்ரெல்லா விச் ஐ பாட் இன் குன்னூர்' என்பதே சரி. மேலே 'தி லீவ்ஸ் தட் ஷி ப்ளக்ட்' என்ற தொடரில் மட்டும் 'தெம்' இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம்.

வாக்கியம் சிறியதாக இருக்கும்போது இந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும். நடுவில் பத்துச் சொற்கள் வந்துவிட்டால் எழுதியவருக்கே தலைப்பகுதி மறந்து, வாலில் 'இட்' வந்துவிடும். எழுதி முடித்ததும் 'விச்' என்ற சொல்லின் மேல் ஒரு விரலை வைத்து, மறுவிரலால் அந்தச் சொல் தொடங்கிவைக்கும் துணை வாக்கியத்தின் முடிவு வரை தடவிக்கொண்டே போகச் சொல்கிறேன். வழியில் அதே பொருளைச் சுட்டும் 'இட்' எங்கே தட்டுப்பட்டாலும் அதை அடித்துவிட வேண்டும். எழுவாயிலும் இது நடக்கும்: 'மை அங்கிள் ஹூ ஹி லிவ்ஸ் இன் கூடலூர்' என்பதில் 'ஹி' போக வேண்டும்.

இதற்கு நெருங்கிய உறவுள்ள மற்றொரு பிழை, 'யார் முதலில் வருகிறாரோ அவருக்கு இடம் கிடைக்கும்' என்ற நம் அமைப்பிலிருந்து வருகிறது. 'ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட், ஹி வில் கெட் தி சீட்' என்று அதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. ஆங்கிலத்தில் முதலில் ஒரு பெயர் வேண்டும்: 'தி பர்சன் ஹூ கம்ஸ் ஃபர்ஸ்ட் வில் கெட் தி சீட்.' 'அவர்' என்பதற்கு அங்கே வேலை இல்லை.

அறிகுறி: வாக்கியம் முழுமையாகத் தெரிகிறது, ஆனால் ஏதோ குறைகிறது

தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் மிக ஆழமாக ஒளிந்திருக்கும் பிழை இதுதான் என்பது என் கருத்து. கையெழுத்தும் சொற்களும் அழகாக இருக்கும். 'இன்', 'வித்', 'ஃபார்' போன்ற ஒரு பிரிபொசிஷன் மட்டும் காணாமல் போயிருக்கும். 'நான் தேர்வு எழுதிய பேனா' என்பதை 'தி பென் விச் ஐ ரோட் தி எக்ஸாம்' என்றும், 'நான் குடியிருக்கும் வீடு' என்பதை 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்' என்றும், 'நான் விண்ணப்பித்த வேலை' என்பதை 'தி ஜாப் விச் ஐ அப்ளைட்' என்றும் எழுதுகிறார்கள். மூன்றும் தமிழில் குறையில்லாத தொடர்கள் என்பதால் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிரித்துப் பார்த்தால் உடனே அகப்படும். 'ஐ ரோட் தி எக்ஸாம் வித் இட்.' 'ஐ லிவ் இன் இட்.' 'ஐ அப்ளைட் ஃபார் இட்.' இந்த 'வித்', 'இன்', 'ஃபார்' மூன்றும் தமிழில் பெயரெச்சம் விழுங்கிய ஆல், இல், கு ஆகிய உருபுகளின் ஆங்கில உருவம். அவற்றை 'விச்' என்பதற்கு முன்னால் வைத்து 'தி பென் வித் விச் ஐ ரோட் தி எக்ஸாம்' என்று எழுதலாம். அல்லது வினையோடு அதன் இடத்திலேயே விட்டு 'தி பென் விச் ஐ ரோட் தி எக்ஸாம் வித்' என்று எழுதலாம். முன்னது கடிதத்துக்கும் தேர்வுத் தாளுக்கும் பொருத்தம், பின்னது பேச்சுக்கு இயல்பு. பிரிபொசிஷனில் வாக்கியத்தை முடிக்கவே கூடாது என்று பள்ளியில் கற்பிக்கப்பட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். அப்படி ஒரு தடை ஆங்கிலத்தின் நடைமுறையில் இல்லை. நல்ல எழுத்தாளர்கள் எல்லாக் காலத்திலும் அப்படி முடித்திருக்கிறார்கள். முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்பது நடையைப் பற்றிய கேள்வி. அறவே விட்டுவிடுவது மட்டும்தான் பிழை.

ஒரு எச்சரிக்கை: பிரிபொசிஷனை முன்னால் கொண்டுவந்தால் அதற்குப் பின் 'தட்' வராது. 'தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்' என்று எழுத முடியாது. 'இன் விச்' என்றே வர வேண்டும். ஆளைக் குறித்தால் 'டு ஹூம்', 'வித் ஹூம்' என்றே வர வேண்டும்.

அறிகுறி: ஊர்ப்பெயருக்குப் பின் எப்போதும் 'வேர்' வருகிறது

மேலே சொன்ன பிழைக்கு நேர் எதிரானது இது. இடம் என்றாலே 'வேர்' என்று மனத்தில் பதிந்துவிட்டவர்கள், 'கொடைக்கானல் இஸ் தி பிளேஸ் வேர் ஐ லைக் மோஸ்ட்' என்று எழுதுகிறார்கள். பெயர் என்ன வகைப்பட்டது என்பதைப் பார்த்து இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததால் வந்த பிழை. பார்க்க வேண்டியது, துணை வாக்கியத்துக்குள் அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்பதை. 'ஐ லைக் இட் மோஸ்ட்' என்பதில் ஊர் செயப்படுபொருள். ஆகவே 'தி பிளேஸ் தட் ஐ லைக் மோஸ்ட்.' 'ஐ ஸ்டடீட் தேர்' என்பதில் ஊர் இடம். ஆகவே 'தி பிளேஸ் வேர் ஐ ஸ்டடீட்.' தமிழில் இதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. 'எனக்குப் பிடித்த ஊர்' என்பதை விரித்தால் 'அந்த ஊரை' என்று ஐ உருபு வருகிறதா, 'அந்த ஊரில்' என்று இல் உருபு வருகிறதா என்று பாருங்கள். இல் வந்தால் 'வேர்', ஐ வந்தால் 'வேர்' கூடாது. 'விசிட்' என்ற வினைதான் இதில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது: தமிழில் ஊருக்குப் போகிறோம், ஆங்கிலத்திலோ ஊரை 'விசிட்' செய்கிறோம். ஆகவே 'தி டவுன் வேர் ஐ விசிட்டட்' தவறு. 'தி டவுன் தட் ஐ விசிட்டட்' சரி.

'வென்' என்பதற்கும் இதே கணக்குதான்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள் மோதிக்கொள்கின்றன

'நேற்று வந்த பையன் என் தம்பி' என்பதை 'தி பாய் கேம் யெஸ்டர்டே இஸ் மை பிரதர்' என்று எழுதுவது இந்த வகை. படிப்பவர் 'தி பாய் கேம் யெஸ்டர்டே' என்பதோடு வாக்கியம் முடிந்தது என்று எண்ணி மூச்சு விடும்போது 'இஸ்' வந்து முட்டுகிறது. 'ஹூ' வேண்டும்: 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே இஸ் மை பிரதர்.'

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். 'தி டீ ஐ டிரங்க்', 'தி பஸ் ஐ மிஸ்டு' என்றெல்லாம் ஆங்கிலேயரே இணைப்புச் சொல் இல்லாமல் எழுதுகிறார்களே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது விடப்படக்கூடிய இடம். இணைப்புச் சொல் துணை வாக்கியத்தின் செயப்படுபொருளாக இருந்து, முன்னால் காற்புள்ளியும் இல்லையென்றால் அதை விடலாம். எழுவாயாக இருந்தால் விட முடியாது. கண்டுபிடிப்பது எளிது: விட்ட இடத்துக்கு அடுத்து 'ஐ', 'ஷி', 'மை மதர்' என்று ஒரு புதிய எழுவாய் நின்றால் விடலாம். நேராக வினை நின்றால் விடக் கூடாது. 'தி பஸ் ஐ மிஸ்டு' என்பதில் 'ஐ' நிற்கிறது; 'தி பாய் கேம்' என்பதில் நேராக 'கேம்' நிற்கிறது.

அறிகுறி: உயர்திணையும் அஃறிணையும் இடம் மாறுகின்றன

இதை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் திணை வேறுபாடு நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. இடறும் சொல் ஒன்றே ஒன்று: குழந்தை. 'குழந்தை அழுகிறது' என்று நாம் சொல்வதால் 'தி சைல்ட் விச் இஸ் க்ரையிங்' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் குழந்தைக்கும் 'ஹூ' தான்.

அறிகுறி: மரியாதையாக எழுத வேண்டிய இடமெல்லாம் 'ஹூம்' முளைக்கிறது

'ஹூம்' என்பது உயர்ந்த நடை என்று எண்ணி, மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் 'தி ஆபீசர் ஹூம் சைன்ட் தி சர்டிபிகேட்' என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். 'ஹூம்' என்பதில் மரியாதை எதுவும் இல்லை. அது 'யாரை', 'யாருக்கு' என்பதன் ஆங்கிலம், அவ்வளவே. சான்றிதழில் கையெழுத்திட்டவர் 'அவர்', 'அவரை' அல்லர். ஆகவே 'ஹூ சைன்ட்.' சற்றுக் கடினமான வடிவம் ஒன்று உண்டு: 'தி ஆபீசர் ஹூ ஐ பிலீவ் சைன்ட் இட்.' நடுவில் வரும் 'ஐ பிலீவ்' என்பதைப் பார்த்துப் பதறி 'ஹூம்' என்று மாற்றிவிடாதீர்கள். அதை விரலால் மறைத்துப் படித்தால் 'ஹூ சைன்ட் இட்' என்றுதான் மிஞ்சும். பேச்சில் 'யாரை' என்ற பொருளுக்கும் 'ஹூ' என்றே இன்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். பிரிபொசிஷனுக்கு அடுத்து வரும்போது மட்டும் 'ஹூம்' கட்டாயம்.

அறிகுறி: 'உடைய' என்ற உறவு தொலைந்துபோகிறது

'காற்றில் கூரை பறந்த வீடு.' இந்தத் தொடரில் பறந்தது கூரை, வீடு பறக்கவில்லை. ஆனால் 'வீட்டின் கூரை' என்ற உறவைத் தமிழ் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதனால் 'தி ஹவுஸ் விச் ரூஃப் ஃப்ளூ அவே' என்று எழுதத் தோன்றுகிறது. பிரித்தால் 'இட்ஸ் ரூஃப்' என்று வரும். ஆகவே 'தி ஹவுஸ் ஹூஸ் ரூஃப் ஃப்ளூ அவே.' வீட்டுக்கு எப்படி 'ஹூஸ்' வரும் என்று கேட்பவர்கள் பலர். வரும். ஆளுக்கும் பொருளுக்கும் 'ஹூஸ்' பொது. ஊட்டியின் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து உத்திரங்கள் கொண்டுவரப்பட்டன. அதைச் சுற்றுலாப் பயணிக்குச் சொல்லும்போது 'தி சர்ச் ஹூஸ் பீம்ஸ் கேம் ஃப்ரம் ஸ்ரீரங்கப்பட்டணா' என்று தயங்காமல் சொல்லலாம்.

எழுத்தில் மற்றொரு பொறி இருக்கிறது. உடைமையைக் குறிக்கும் 'ஹூஸ்' என்பதும், 'ஹூ இஸ்' என்பதன் சுருக்கமும் காதுக்கு ஒன்றே. மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) போட்டால் அது சுருக்கம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'ஹூ இஸ்' என்று விரித்துப் படியுங்கள். பொருள் வராவிட்டால் மேற்குறி இல்லாததே வேண்டும்.

அறிகுறி: 'ஆல்', 'எவ்ரிதிங்' ஆகியவற்றுக்குப் பின் 'வாட்' வருகிறது

'எவ்ரிதிங் வாட் யூ செட் இஸ் ட்ரூ' என்ற பிழைக்கு மருந்து நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'நீ சொன்னது' என்பது வினையாலணையும் பெயர். அதற்குப் பின்னால் வேறு பெயர் தேவையில்லை. அதற்கு நிகரான ஆங்கிலம் 'வாட் யூ செட்'. 'நீ சொன்ன எல்லாம்' என்பதிலோ 'சொன்ன' பெயரெச்சம். 'எல்லாம்' என்ற பெயர் வெளியே நிற்கிறது. அதற்கு நிகர் 'எவ்ரிதிங் தட் யூ செட்'. ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'சொன்னது', 'பார்த்தது' என்று 'து'வில் முடிந்தால் 'வாட்'. 'சொன்ன', 'பார்த்த' என்று நின்று அடுத்து ஒரு பெயரைத் தேடினால் 'வாட்' கூடாது.

அறிகுறி: காற்புள்ளி வந்ததும் பொருள் மாறுகிறது

இதில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இங்கே பிழை நேர்ந்தால் இலக்கணம் கெடாது, பொருள் கெடும். திருத்துபவர் கண்ணிலும் எளிதில் படாது.

எங்கள் தெருவில் உருளைக்கிழங்கு பயிரிடும் ஒருவருடைய மகள், பெங்களூரில் வாங்குபவர் ஒருவருக்கு அப்பாவின் சார்பில் எழுதிய மின்னஞ்சலைக் காட்டினாள். நாற்பது மூட்டை அனுப்பியிருந்தார்கள், வழியில் மழை. 'மழையில் நனைந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்பது செய்தி. அவள் எழுதியிருந்தது: 'ப்ளீஸ் ரிட்டர்ன் தி பேக்ஸ், விச் காட் வெட் இன் தி ரெயின்.'

"எத்தனை மூட்டை நனைஞ்சது, கண்ணு?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு, மிஸ்."

"இந்தக் கமா மீதி இருபத்தொன்பதையும் திருப்பிக் கேக்குது."

அவள் தாளை வாங்கி மறுபடியும் படித்தாள். "நிறுத்திப் படிக்கத்தானே மிஸ் கமா?" என்றாள்.

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த இடத்தில் காற்புள்ளிக்கு வேறு வேலை இருக்கிறது. காற்புள்ளி இல்லாத துணை வாக்கியம், பல மூட்டைகளில் எவை என்று பிரித்தெடுக்கிறது: நனைந்தவை மட்டும். காற்புள்ளி வைத்த துணை வாக்கியம், எவை என்பது முன்பே முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அவற்றைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தியைச் சொல்கிறது: மூட்டைகளைத் திருப்பி அனுப்புங்கள், அவை நனைந்துவிட்டன. நாற்பதும். 'நனைந்த மூட்டைகள்' என்ற தமிழ்த் தொடர் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஒரு சிறு கோடுதான் முடிவு செய்கிறது. அவள் காற்புள்ளியை எடுத்துவிட்டு, 'விச்' என்பதை 'தட்' என்றும் மாற்றிக்கொண்டாள். அது நல்ல பழக்கம். காற்புள்ளிக்குப் பின் 'தட்' வராது என்பதால், 'தட்' எழுதிவிட்டால் காற்புள்ளி வைக்கும் எண்ணமே எழாது.

இதைச் சோதிக்க, துணை வாக்கியத்தை முழுதும் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். 'மூட்டைகளைத் திருப்பி அனுப்புங்கள்' என்று மட்டும் இருந்தால் நீங்கள் சொல்ல வந்தது மாறுகிறதா? மாறினால் காற்புள்ளி கூடாது. மாறாவிட்டால் இருபுறமும் காற்புள்ளி வேண்டும். தனிப்பெயர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே வரும், ஏனென்றால் தொட்டபெட்டா சிகரம் ஒன்றுதான். எந்தத் தொட்டபெட்டா என்று பிரித்துக் காட்டத் தேவையில்லை. ஆகவே 'தொட்டபெட்டா, விச் இஸ் 2,637 மீட்டர்ஸ் ஹை, இஸ் ஆஃபன் கவர்ட் இன் மிஸ்ட்' என்று இருபுறமும் காற்புள்ளியோடு எழுத வேண்டும். முதல் காற்புள்ளியை வைத்து இரண்டாவதை மறப்பது, கதவைத் திறந்துவிட்டுச் சாத்தாமல் போவது போன்றது, அதையும் பாருங்கள்.

குறிஞ்சிப் பூவை வைத்து இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளலாம். குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு. எல்லாமே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை அல்ல. 'தி குறிஞ்சி தட் ப்ளூம்ஸ் ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்' என்று காற்புள்ளியின்றி எழுதினால் பல குறிஞ்சிகளில் ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறோம். 'நீலக்குறிஞ்சி, விச் ப்ளூம்ஸ் ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்,' என்று எழுதினால், இனம் இன்னதென்று பெயரே சொல்லிவிட்டது. பூக்கும் காலம் கூடுதல் செய்தி.

உறவினரைப் பற்றி எழுதும்போதும் கவனம் வேண்டும். 'மை பிரதர், ஹூ வொர்க்ஸ் இன் திருப்பூர்,' என்று எழுதினால் உங்களுக்கு ஒரே அண்ணன் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். காற்புள்ளி இல்லாவிட்டால், பல சகோதரர்களில் திருப்பூரில் இருப்பவர்.

அறிகுறி: துணை வாக்கியம் தவறான பெயரில் போய் ஒட்டிக்கொள்கிறது

'ஐ சா எ லெப்பர்ட் நியர் தி டீ ஃபேக்டரி விச் வாஸ் டிரிங்கிங் வாட்டர்' என்று ஒரு பையன் எழுதினான். தண்ணீர் குடித்தது சிறுத்தை. வாக்கியத்திலோ தொழிற்சாலை குடிக்கிறது. தமிழில் 'தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சிறுத்தை' என்று பெயரெச்சம் பெயரை ஒட்டியே நிற்பதால் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. ஆங்கிலத்தில் பெயருக்கும் இணைப்புச் சொல்லுக்கும் நடுவே வேறொரு பெயர் புகுந்துவிட்டால், அருகிலிருக்கும் பெயரே துணை வாக்கியத்தை இழுத்துக்கொள்ளும். இடத்தைக் குறிக்கும் தொடரை முன்னுக்குத் தள்ளுங்கள்: 'நியர் தி டீ ஃபேக்டரி ஐ சா எ லெப்பர்ட் தட் வாஸ் டிரிங்கிங் வாட்டர்.'

ஒருமை பன்மைக்கும் இந்த அருகாமைதான் வழிகாட்டி. 'ஷி இஸ் ஒன் ஆஃப் தி விமன் ஹூ ப்ளக் டீ ஹியர்' என்பதில் 'ஹூ' சுட்டுவது 'விமன்' என்ற பன்மையை. ஆகவே 'ப்ளக்ஸ்' வராது.

ஒரு பத்தியை முழுதாகத் திருத்திப் பார்ப்போம்

மலை ரயிலைப் பற்றிக் கல்லூரி மாணவி ஒருத்தி எழுதிய பத்தி இது. செய்திகள் எல்லாம் சரி. இணைப்புகளை மட்டும் பாருங்கள்.

'தி நீலகிரி மவுன்டன் ரயில்வே தட் ரீச்ட் குன்னூர் இன் 1899 இஸ் எ மீட்டர் கேஜ் லைன். தி செக்‌ஷன் விச் தி ராக் இஸ் லெய்ட் இஸ் பிட்வீன் கல்லார் அண்ட் குன்னூர். குன்னூர் இஸ் தி ஸ்டேஷன் வேர் தி டீசல் இன்ஜின் டேக்ஸ் ஓவர் தேர். யுனெஸ்கோ கேவ் இட் வேர்ல்ட் ஹெரிடேஜ் ஸ்டேட்டஸ் இன் 2005 விச் வி ஆர் ப்ரவுட்.'

முதல் வாக்கியத்தில் ரயில்வேயின் தனிப்பெயர் வந்துவிட்டது. பிரித்துக் காட்ட வேறொரு நீலகிரி மலை ரயில்வே இல்லை. எனவே 'தட்' போய், இருபுறமும் காற்புள்ளியோடு 'விச் ரீச்ட் குன்னூர் இன் 1899' என்று வர வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தைப் பிரித்தால் 'தி ராக் இஸ் லெய்ட் ஆன் இட்' என்று கிடைக்கிறது. 'ராக்' என்பது இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பற்சட்டம்; அது அந்தப் பகுதியில் போடப்பட்டிருக்கிறது, பகுதியே போடப்படவில்லை. 'தி செக்‌ஷன் ஆன் விச் தி ராக் இஸ் லெய்ட்' என்றும் எழுதலாம், 'தி செக்‌ஷன் வேர் தி ராக் இஸ் லெய்ட்' என்றும் எழுதலாம். தொழில்நுட்பச் செய்தி என்பதால் எனக்கு முன்னதே பிடித்திருக்கிறது.

மூன்றாவதில் 'வேர்' சரியான சொல்தான். ஆனால் அது மாறி வந்த 'தேர்' இன்னும் வாலில் நிற்கிறது. அதை அடித்தால் போதும்.

நான்காவதில் இரண்டு குறைகள். 'விச்' இங்கே எந்த ஒரு பெயரையும் சுட்டவில்லை. உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்த செயல் முழுவதையும் சுட்டுகிறது. அப்படிச் சுட்டும்போது அதன் முன் காற்புள்ளி கட்டாயம். இல்லாவிட்டால் 2005 என்ற ஆண்டைப் பற்றிப் பெருமைப்படுவதாகிவிடும். அத்துடன், பெருமை என்பது தமிழில் ஒன்றை 'எண்ணி' வருவது, ஆங்கிலத்தில் 'ப்ரவுட் ஆஃப்' என்று 'ஆஃப்' கேட்பது. பெயரெச்சம் விழுங்கிப் பழகிய உருபு இங்கேயும் விழுங்கப்பட்டிருக்கிறது. 'ஆஃப் விச் வி ஆர் ப்ரவுட்' என்றுதான் அவள் முதலில் திருத்தினாள். படித்துப் பார்த்துவிட்டு, மழைக்கு முன் வீடு சேர வேண்டிய அவசரத்திலும் அதை அடித்து, காற்புள்ளிக்குப் பின் 'விச் மேக்ஸ் அஸ் ப்ரவுட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.